இறகு ஷட்டில் வாங்கும் முன்: ஆட்டத்துக்கும் கைப்பணத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஓர் உள்ளரங்கில் காலை 6 மணிக்கு எட்டுப் பேர் பேட்மிண்டன் இரட்டையர் ஆடுகிறோம். அந்தக் குழுவுக்கு ஷட்டில் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் என் பொறுப்பு. ஆரம்பத்தில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை மட்டும்தான் நோட்டில் எழுதினேன். பிறகு ஒவ்வொரு ஷட்டிலும் எப்போது எடுக்கப்பட்டது, எத்தனை ஆட்டம் தாங்கியது, எதனால் கெட்டது என்பதையும் எழுதத் தொடங்கினேன். அந்தப் பழக்கம்தான் என் கண்ணைத் திறந்தது. ஷட்டில்களை அடுக்கி விற்கும் டியூபின் மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து மலிவு என்று வாங்கிய பலமுறையும் மாதக் கடைசியில் அதிகம் செலவழித்திருந்தோம். சில மாதங்களில் நேர்மாறாக, எங்கள் ஆட்டத்துக்கு மிஞ்சிய உயர்ரக ஷட்டிலை வாங்கி வீணாக்கியிருந்தோம். எது தவறு என்பதைச் செத்த ஷட்டில்களே சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் படி: உங்களுக்கு இறகு வேண்டுமா?

திறந்தவெளியில் ஆடுகிறீர்கள் என்றால் இறகு ஷட்டிலை வாங்காதீர்கள். ஐந்து கிராம் எடையுள்ள பொருளைக் காற்று தன் இஷ்டத்துக்கு இழுத்துச் செல்லும். ஆட்டமும் கெடும், இறகும் கெடும். இது புதிய சிக்கல் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இந்த விளையாட்டு நம் நாட்டில் உருவெடுத்த காலத்திலேயே காற்றும் ஈரமும் உள்ள நாட்களில் கம்பளி நூல் பந்தை வைத்து ஆடினார்கள். தஞ்சாவூரில் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த பூப்பந்தாட்டம் அந்த மரபில் வந்ததுதான். மொட்டை மாடியிலும் தெருவிலும் ஆடுபவர்களுக்கு நைலான் ஷட்டில் போதும்.

உள்ளரங்கில் ஆடினாலும் முதல் சில மாதங்கள் நைலான் தவறில்லை. யோனெக்ஸ் மேவிஸ் 350 போன்றவற்றில் கார்க்கைச் சுற்றியுள்ள பட்டையின் நிறம் வேகத்தைக் காட்டும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. நம் சமவெளி ஊர்களின் வெப்பத்துக்குப் பச்சைதான் பொருத்தம். கடையில் நீலத்தைக் கொடுத்தாலும் பச்சையைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஏன் இறகுக்கு மாற வேண்டும்? மட்டையை விட்டுச் சீறிக் கிளம்பும் இறகு ஷட்டில் பாதி வழியிலேயே வேகம் இழந்து செங்குத்தாக இறங்கும். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் ஜப்பானில் அடித்து உலக சாதனையாகப் பதிவான ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். அது மட்டையை விட்டுக் கிளம்பிய கணத்தின் வேகம் மட்டுமே. எதிர்க்களத்தை எட்டுவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்தத் திடீர் வேக இழப்பை நம்பித்தான், வலையைத் தாண்டியதும் விழும்படி மெல்லத் தட்டும் டிராப்பும் வலையோர ஆட்டமும் இருக்கின்றன. நைலான் ஷட்டிலின் பாவாடை, அதாவது கார்க்குக்குப் பின்னால் விரிந்திருக்கும் பகுதி, பலமான அடியில் நசுங்கி, விரிய நேரம் எடுத்துக்கொள்கிறது. அதன் பாதை தட்டையாக நீள்கிறது. நைலானில் பழகிய கை இறகுக்கு வரும்போது எல்லா டிராப்பும் வலைக்கு இந்தப் பக்கமே விழும்.

மாறுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பின்கோட்டிலிருந்து பத்து கிளியர், அதாவது எதிர்ப் பின்கோட்டை நோக்கி உயரமாகத் தூக்கும் அடி, அடியுங்கள். அவற்றில் குறைந்தது ஏழு மட்டையின் நடுவில் பட்டு எதிர்ப் பின்கோட்டுக்கு அருகில் போய்ச் சேர்ந்தால் இறகுக்கு வாருங்கள். பயிற்சியாளரிடம் முறையாகக் கற்கும் குழந்தைகளுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். முதல் நாளிலிருந்தே இறகு நல்லது. ஆனால் புதியது தேவையில்லை. மூத்தவர்கள் ஆடி ஒதுக்கியவை அவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாம் படி: இறகையும் கார்க்கையும் படியுங்கள்

விதிப்படி ஓர் இறகு ஷட்டிலில் 16 இறகுகள். அவை 62 முதல் 70 மில்லிமீட்டருக்குள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். நுனிகள் சேர்ந்து உருவாக்கும் வட்டத்தின் விட்டம் 58 முதல் 68 மில்லிமீட்டர். மொத்த எடை 4.74 முதல் 5.50 கிராம். ஒரு ஷட்டிலில் உள்ள இறகுகள் அனைத்தும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இடச்சிறகும் வலச்சிறகும் எதிரெதிராக வளைந்தவை. கலந்து கட்டினால் சுழற்சி கெட்டுவிடும்.

விலையைப் பெரிதும் தீர்மானிப்பது வாத்தா, பெருவாத்தா என்பதுதான். கடைக்காரர்கள் ‘டக்’, ‘கூஸ்’ என்பார்கள். வாத்து இறகின் தண்டு மெல்லியது, பெரும்பாலும் சற்று மஞ்சள் சாயல் உடையது, சீக்கிரம் காய்ந்து ஒடியும். பெருவாத்து இறகின் தண்டு தடித்தது, தண்டின் இருபுறமும் உள்ள மடல் அகலமானது, அடியை அதிக நேரம் தாங்கும். டியூபில் ‘இயற்கை இறகு’ என்று மட்டும் போட்டு எந்தப் பறவை என்று சொல்லவில்லையா? வாத்து என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்தின் உலுபேரியாப் பகுதியில் கைத்தொழிலாகவே ஷட்டில் செய்கிறார்கள். அவற்றை நான் மட்டமாக எண்ணுவதில்லை. பயிற்சிக்கு அவை நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்குச் செய்த உதவி பெரியது.

உலகச் சந்தைக்குப் போகும் இறகில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அங்கே இறைச்சிக்காக வாத்தும் பெருவாத்தும் வளர்ப்பது குறைந்தால் இங்கே டியூபின் விலை ஏறும். சமீப ஆண்டுகளின் விலையேற்றத்துக்கு இது முக்கியக் காரணம். அதனால் இந்தக் கட்டுரையில் எந்தப் பிராண்டுக்கும் விலை எழுதவில்லை. நீங்கள் படிக்கும்போது அது மாறியிருக்கும்.

கார்க்கை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் கையில் உணரும் அடி முழுவதும் அதில்தான் இருக்கிறது. உயர்ரகத்தில் முழு இயற்கைக் கார்க் இருக்கும். நடுத்தர விலையில், மட்டையில் படும் பகுதி மட்டும் இயற்கைக் கார்க்காகவும் இறகு செருகிய பகுதி தூளை அழுத்திச் செய்ததாகவும் இருக்கும். இது குறையல்ல, பல கிளப்புகள் இதில்தான் ஓடுகின்றன. மலிவான சிலவற்றில் முழுவதும் நுரைப் பொருள். பத்து நிமிட ஆட்டத்தில் அது நடுவில் குழிந்து, ‘டக்’ என்று ஒலிக்க வேண்டிய அடி ‘பொத்’ என்று ஒலிக்கத் தொடங்கும். இறகு நன்றாக இருந்தும் ஷட்டிலைத் தூக்கிப் போட வேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது.

மூன்றாம் படி: வேக எண்ணைச் சரியாகப் பிடியுங்கள்

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வேகம் தவறினால் அது உங்கள் அரங்குக்குத் தவறான ஷட்டில். பலரும் டியூபின் மூடியில் உள்ள இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

யோனெக்ஸ் 1 முதல் 5 வரை எண் போடுகிறது. லி நிங், விக்டர், ஆர்எஸ்எல் போன்றவற்றில் 75 முதல் 79 வரையான எண்களைப் பார்க்கலாம். இது கிரெய்ன் என்ற பழைய எடை அளவிலிருந்து வந்தது. 75 கிரெய்ன் என்பது ஏறக்குறைய 4.86 கிராம், 79 என்பது 5.12 கிராம். இரு வரிசைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்: 1 என்பது 75, 2 என்பது 76, 3 என்பது 77, இப்படி. எண் கூடினால் ஷட்டில் தூரம் போகும். ஓர் எண் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் என்று கணக்கு.

வெப்பம் கூடும்போது காற்று லேசாகும், தடை குறையும், ஷட்டில் தூரம் போகும். அதனால் வெயில் ஊருக்கு மெதுவான எண், குளிர் ஊருக்கு வேகமான எண். யோனெக்ஸ் தரும் கணக்கில் 1-ஆம் எண் 33 டிகிரிக்கு மேலும், 2-ஆம் எண் 27 முதல் 33 டிகிரி வரையிலும், 3-ஆம் எண் 22 முதல் 28 டிகிரி வரையிலும் பொருந்தும். மதுரை, திருச்சி, சென்னை அரங்குகளில் ஆண்டின் பெரும்பகுதி 76, கோடையின் மாலைகளில் 75. மார்கழிக் காலையில் 77 சரியாக வரும். ஏசி உள்ள அரங்கில் வெளியே உள்ள வெயிலை மறந்துவிட்டு உள்ளே உள்ள வெப்பத்தைப் பாருங்கள்.

மலை ஏறினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. குளிர்கிறதே என்று 78-ஐ எடுத்துப் போனால் எல்லா கிளியரும் பின்கோட்டைத் தாண்டி விழும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் திருப்பித் தருவது அதில் ஒரு சிறு பகுதிதான். அங்கே கிடைக்கும் மெதுவான எண்ணையே எடுங்கள். 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருக்குப் போட்டிக்குச் செல்பவர்களும் இதை நினைவில் வையுங்கள். உயரத்தாலோ தட்பவெப்பத்தாலோ வழக்கமான ஷட்டில் பொருந்தாத ஊர்களில், தேசியச் சங்கத்தின் ஒப்புதலுடன் அளவுகளை மாற்றிக்கொள்ள விதிகளே இடம் தருகின்றன.

எண்ணை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக்கோட்டுக்கு இணையாக அடியுங்கள். சரியான வேகமுள்ள ஷட்டில் எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும். டேப் எடுத்து அளக்கத் தேவையில்லை. இரட்டையருக்கான நீள சர்வீஸ் கோடு பின்கோட்டிலிருந்து 760 மில்லிமீட்டரில் இருக்கிறது. அது இந்த இடைவெளியின் நட்டநடு. அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு சாணுக்குள் விழுந்தால் வேகம் சரி. இரு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். அரங்கில் எங்காவது மின்விசிறியோ திறந்த கதவோ இருந்தால் ஒரு பக்கம் பொய் சொல்லும்.

வேகம் அதிகமாக இருந்தால் சிலர் இறகின் நுனியை மடித்துவிடுவார்கள். நண்பர்களுக்குள் ஆடும்போது அது உங்கள் விருப்பம். போட்டியில் ஆட்டக்காரர் வேண்டுமென்றே அப்படிச் செய்வது விதிமீறல்.

நான்காம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

மூடியைத் திறந்து டியூபுக்குள் பாருங்கள். நுனிகள் ஒரே வட்டமாக நிற்கின்றனவா, ஏதாவது ஓர் இறகு மட்டும் உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். பிறகு ஒன்றை வெளியே எடுங்கள். கார்க் இருக்கும் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். மறுபக்கத்திலிருந்து இழுத்தால் இறகு சிக்கிச் சிதையும்.

தண்டுகள் ஒரே தடிமனில் நேராக இருக்க வேண்டும். தண்டில் கீறலோ கரும்புள்ளியோ இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் ஒடியும். இரண்டு சுற்று நூல் இறுக்கமாகவும், பசை எல்லாத் தண்டிலும் சீராகவும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கார்க்கின் உறையில் சுருக்கம் இருக்கக் கூடாது. கடைக்காரர் அனுமதித்தால் கார்க் மேலே இருக்கும்படி பிடித்துத் தலை உயரத்திலிருந்து விடுங்கள். நல்ல ஷட்டில் சட்டென்று திரும்பி, கார்க் கீழாக ஆடாமல் இறங்கும்.

பெட்டிக் கணக்கில் வாங்கும் முன் ஒரு டியூப் மட்டும் வாங்கி ஆடிப் பாருங்கள். அதில் ஆறு ஷட்டிலை எடுத்து ஒரே இடத்திலிருந்து உயரமாக சர்வீஸ் போடுங்கள். எத்தனை தள்ளாடுகின்றன, எத்தனை ஒரே இடத்தில் விழுகின்றன என்று எண்ணுங்கள். உயர்ந்த விலையில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த ஒற்றுமையைத்தான். மலிவான டியூபிலும் அருமையாகப் பறக்கும் ஷட்டில் நான்கைந்து இருக்கும், ஆனால் அடுத்தது எப்படி இருக்கும் என்று தெரியாது.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறதே என்று பெயர் பெற்ற பிராண்டில் பத்து டியூப் வாங்கினேன். கார்க்கின் மேல் அச்சிட்ட எழுத்து இரண்டாம் நாளே கரைந்தது. பணம் என்னுடையது மட்டுமல்ல, எட்டுப் பேருடையது என்பதால் இன்றும் அது உறுத்துகிறது. முத்திரையும் சரிபார்ப்புக் குறியீடும் இல்லாத டியூபை, எவ்வளவு தள்ளுபடி என்றாலும் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு?

12 ஷட்டில் கொண்ட ஒரு டியூப் 900 ரூபாய், மற்றொன்று 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு ஷட்டில் 75 ரூபாய், இரண்டாவதில் 150. மூன்று கேம் கொண்ட ஓர் ஆட்டத்துக்கு முதலாவதில் நான்கு ஷட்டில் போகிறது, இரண்டாவதில் ஒன்றரை போகிறது என்றால், ஆட்டத்துக்கு முறையே 300 ரூபாயும் 225 ரூபாயும் ஆகும். விலை இரு மடங்காக உள்ள டியூபில், ஆடும் நால்வரில் ஆளுக்கு ஏறக்குறைய 19 ரூபாய் மிச்சம்.

ஆனால் அதே 150 ரூபாய் ஷட்டிலை, மட்டையின் சட்டத்தில் அடிக்கும் கைகளிடம் கொடுத்தால் முதல் ராலியிலேயே தண்டு ஒடியும். அப்போது மலிவானதே சரியான தேர்வு. உங்கள் குழு எந்தப் பக்கம் என்று அறிய இரண்டு வாரம் செத்த ஷட்டில்களை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள்.

தண்டு நடுவில் ஒடிந்திருந்தால் அடி கார்க்கில் படாமல் இறகில் பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவை பாதிக்கு மேல் இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். தண்டு முழுதாக இருந்து மடல் கிழிந்து பிசிறாகியிருந்தால் சுத்தமாக அடித்துத் தேய்த்திருக்கிறீர்கள். ஒரு படி மேலே போனால் லாபம். கார்க் குழிந்திருந்தால் இறகின் தரத்தை உயர்த்தாமல் கார்க் நல்லதாக உள்ள வகைக்கு மாறுங்கள். இறகுகள் நூலிலிருந்து தளர்ந்து ஆடினால் அது பசையின் குறை, அந்த வகையைக் கைவிடுங்கள். எல்லாமே மொறுமொறுவென்று ஒடிந்திருந்தால் ஷட்டிலைக் குறை சொல்லாதீர்கள், அது காய்ந்துபோயிருக்கிறது. அதற்கு மருந்து கடைசிப் படியில் இருக்கிறது.

ஆறாம் படி: யாருக்கு எது

நைலானிலிருந்து இப்போதுதான் மாறியவர்களுக்கு வாத்து இறகும், இயற்கைக் கார்க்கும் அழுத்திய தூளும் சேர்ந்த இரட்டைக் கார்க்கும் கொண்ட அடிநிலை வகை. வாரம் இரண்டு மூன்று நாள் ஆடும் அலுவலகக் குழுக்களும் இதிலேயே ஓராண்டு மகிழ்ச்சியாக ஆடலாம். இங்கே பிராண்டின் பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தினமும் ஆடும் கிளப் ஆட்டக்காரர்களுக்குத்தான் தேர்வு கடினம். சந்தையில் வகைகள் குவிந்திருப்பதும் இந்த நடுப்படியில்தான். நல்ல வாத்து இறகும் இரண்டாம் தரப் பெருவாத்து இறகும் இங்கே ஒரே விலையில் நிற்கும். ஸ்மாஷ் அதிகம் உள்ள இரட்டையர் குழு என்றால் பெருவாத்தை எடுங்கள். நிதானமாக இடம் பார்த்து ஆடும் மூத்தவர்கள் என்றால் ஒற்றுமையாகப் பறக்கும் நல்ல வாத்து இறகு போதும். எங்கள் குழுவில் இரண்டையும் வைத்திருக்கிறோம். வார நாட்களில் வாத்து, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குப் பெருவாத்து.

மாவட்ட, மாநிலப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: போட்டி அறிவிப்பில் எந்த ஷட்டிலில் ஆட்டம் என்று பெரும்பாலும் குறிப்பிட்டிருப்பார்கள். கடைசி இரண்டு வாரம் அதே வகையில், அதே வேக எண்ணில் ஆட வையுங்கள். ஆண்டு முழுவதும் அதை வாங்க வேண்டியதில்லை. கால் நகர்வுப் பயிற்சிக்கும் கூடை நிறைய ஷட்டிலை அடுத்தடுத்து வீசும் பயிற்சிக்கும் பழையவை போதும். ஆட்டமாக ஆடும் நேரத்துக்கு மட்டும் நல்லதை எடுங்கள்.

யோனெக்ஸ் ஏரோசென்சா 50 போன்ற உச்ச வகைகள் சர்வதேச ஆட்டத்துக்கானவை. ஒரே ஒரு முறையாவது ஆடிப் பாருங்கள். ஒரு ஷட்டில் எப்படிப் பறக்க வேண்டும் என்பது கைக்குப் புரிந்துவிடும். பிறகு வேறு எதை வாங்கும்போதும் அந்த நினைவு துணைக்கு வரும்.

ஏழாம் படி: வாங்கியதைக் காப்பாற்றுங்கள்

இறகும் நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனதுதான். ஈரப்பதம் இருந்தால் வளையும், காய்ந்தால் ஒடியும். கோடையிலும் ஏசி அரங்கிலும் ஆடும் முன்தினம் இரவு ஆவி காட்டுங்கள். கொதிக்கும் கெட்டிலின் வாய்க்கு அரையடி மேலே, இறகுப் பக்கம் கீழே இருக்கும்படி, இரு மூடிகளையும் திறந்த டியூபைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும். கார்க் பக்கம் ஆவி நேராகப் படக் கூடாது, பசை இளகிவிடும். பிறகு மூடி, காலை வரை வையுங்கள். ஈரம் ஏறிய ஷட்டில் சற்று எடை கூடும் என்பதால், ஆவி காட்டிய பிறகு வேகத்தை மறுபடியும் சோதியுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கும். அளவு மீறினால் பூஞ்சை பிடிக்கும்.

வண்டிப் பெட்டியில் டியூபை விட்டுவிட்டு அலுவலகம் போகாதீர்கள். மே மாத வெயிலில் ஒரு பகல் போதும், புது டியூபின் ஆயுளில் பாதி போய்விடும். ராலி முடிந்ததும் ஒட்டிக்கொண்ட மடல்களை விரலால் நீவிப் பிரித்துவிடுங்கள். தரையில் கிடப்பதை மட்டையால் இழுத்து எடுக்காமல் குனிந்து எடுங்கள். வலைக்கு அடியில் எதிர்ப்பக்கம் அனுப்பக் காலால் தள்ளாதீர்கள்.

பழையவற்றை நாங்கள் மூன்று டப்பாவில் பிரித்து வைக்கிறோம். நேராகப் பறப்பவை மறுநாள் உடலைச் சூடேற்றும் ஆட்டத்துக்கு. சற்றுத் தள்ளாடுபவை சர்வீஸ் பயிற்சிக்கும் வலையோரப் பயிற்சிக்கும். இரண்டு மூன்று இறகு ஒடிந்தவை, மாலையில் அதே அரங்கில் கற்கும் சிறுவர்களின் கூடைக்கு.